பெரோவ்ஸ்கைட்டுக்காகக் காத்திருக்கலாமா? திருவான்மியூர் மொட்டை மாடிக்கு ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தொலைவில் வீடு, மொட்டை மாடியில் 3 கிலோவாட் சூரிய மின்னமைப்பு வைக்க விலை கேட்டு வைத்திருக்கிறீர்கள். அதற்குள் பெரோவ்ஸ்கைட் என்ற புதுவகைப் பொருளைக் கொண்ட சூரிய மின்கலம் செயல்திறனில் 34 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, சோடியம் பேட்டரி வந்துவிட்டது, திடநிலை பேட்டரி வரப்போகிறது என்ற செய்திகளைப் படித்துவிட்டு, இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்தால் இதைவிட நல்ல பொருள் கிடைக்குமோ என்று தயங்குகிறீர்கள். ஆயுள் முடிந்தபின் இவை மண்ணையும் நீரையும் கெடுக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

காத்திருக்க வேண்டாம் என்பது என் பதில். ஆய்வுகள் பொய் என்பதனால் அல்ல. அவை உண்மை, அவற்றுள் சில வியக்கத்தக்கவை. ஆனால் செய்தியில் வரும் சதவீதம் 25 டிகிரி வெப்பநிலையில், ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில், சில நிமிடங்களில் அளக்கப்பட்ட எண். உங்கள் மாடி கேட்பதோ கத்திரி வெயிலையும், வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தையும், உப்புக் காற்றையும் இருபத்தைந்து ஆண்டுகள் தாங்குமா என்பதை. இன்று இத்துறையில் நடக்கும் ஆய்வுகளில் மிகப் பெரும்பகுதி இந்த இரண்டாவது கேள்வியோடுதான் மல்லாடிக்கொண்டிருக்கிறது என்பதைப் பொருளறிவியல் கற்பித்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் சிலிக்கனைப் பார்ப்போம், ஏனெனில் நீங்கள் வாங்கப்போவது அதைத்தான். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவரும் செய்த முதல் சிலிக்கன் மின்கலம் சூரிய ஒளியில் ஏறக்குறைய 6 சதவீதத்தை மட்டுமே மின்சாரமாக்கியது. இன்று ஆய்வகச் சிலிக்கன் மின்கலம் 27 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. கோட்பாட்டளவில் அது எட்டக்கூடிய எல்லையே சுமார் 29.4 சதவீதம்தான். இந்த எல்லை ஏன் வருகிறது என்பதை ஒரு பேருந்தை வைத்து விளக்கலாம். பயணச்சீட்டு பத்து ரூபாய். அதற்குக் குறைவாக வைத்திருப்பவர் ஏற முடியாது. நூறு ரூபாய் கொடுப்பவர் ஏறலாம், ஆனால் மீதிச் சில்லறை திரும்ப வராது. சிலிக்கனில் அந்தப் பயணச்சீட்டு விலை, அதாவது ஓர் எலெக்ட்ரானை எழுப்பத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், 1.12 எலெக்ட்ரான் வோல்ட். இதை ஆற்றல் இடைவெளி என்பார்கள். அதைவிடக் குறைந்த ஆற்றலுள்ள அகச்சிவப்பு ஒளித்துகள் அதை ஊடுருவிப் போய்விடுகிறது. அதைவிட மிகுந்த ஆற்றலுள்ள நீல ஒளித்துகள் ஒரே ஒரு எலெக்ட்ரானை எழுப்பிவிட்டு எஞ்சியதை வெப்பமாகக் கொட்டிவிடுகிறது. ஷாக்லியும் குவைசரும் 1961-இல் இந்தக் கணக்கை முறையாகப் போட்டுக் காட்டினார்கள்.

அப்படி வெப்பமாகக் கொட்டுவது வீணாவதோடு நிற்பதில்லை, மின்கலத்தையே சூடாக்குகிறது. மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு மே மாதப் பிற்பகலில் பேனலின் பின்புறத்தில் வெப்பமானியை ஒட்டி அளந்தபோது 64 டிகிரி செல்சியஸ் காட்டியது. பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் எழுதியுள்ள வாட் அளவு, மின்கலம் 25 டிகிரியில் இருக்கும்போது உள்ள அளவு. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும், பெர்க் எனப்படும் பழைய வகைப் பேனல் சுமார் 0.35 சதவீத மின்திறனை இழக்கிறது; டாப்கான் வகை சுமார் 0.30 சதவீதம், ஹெட்டிரோஜங்ஷன் வகை சுமார் 0.25 சதவீதம். 64 டிகிரியில் முதல் வகைக்கு ஏறக்குறைய 14 சதவீதமும் மூன்றாவதற்கு ஏறக்குறைய 10 சதவீதமும் போய்விடும். டாப்கான் என்பது சிலிக்கனுக்கும் உலோகத் தொடுமுனைக்கும் நடுவே ஒன்றிரண்டு நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலத்தை வைத்து, உலோகம் தொடும் இடத்தில் எலெக்ட்ரான்கள் வீணாகாமல் தடுக்கும் உத்தி. ஹெட்டிரோஜங்ஷன் அதே வேலையைப் படிக ஒழுங்கில்லாத, உருவமற்ற சிலிக்கன் படலத்தால் செய்கிறது. விலை கேட்கும்போது “எத்தனை வாட்” என்பதோடு “வெப்பநிலைக் குணகம் எவ்வளவு”, அதாவது டிகிரிக்கு எத்தனை சதவீதம் இழக்கும், என்றும் கேளுங்கள். சென்னைக்கு அந்த எண் முக்கியமானது. விவரத்தாளில் அது கட்டாயம் இருக்கும்.

வெப்பத்தைவிட நுட்பமான எதிரி ஈரம். மின்கலங்களைக் கண்ணாடியோடு ஒட்டவைக்கும் பிளாஸ்டிக் படலம் பெரும்பாலும் ஈ.வி.ஏ. என்ற பொருள். அதனுள் ஈரம் புகுந்து, வெப்பமும் புறஊதாக் கதிரும் சேரும்போது அது மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை, வெளிவிடுகிறது. அந்த அமிலம் மின்கலத்தின் மேலுள்ள வெள்ளிக் கோடுகளையும் ஈயப் பற்றையும் அரிக்கிறது. டாப்கான் மின்கலங்கள் ஈரமும் உப்பும் சேர்ந்த நிலையில் கூடுதலாகப் பாதிக்கப்படக்கூடும் என்பது கடந்த சில ஆண்டுகளின் ஆய்வுகளில் வெளிப்பட்டது. அதனால்தான் இப்போது முன்னும் பின்னும் கண்ணாடி வைத்து, அமிலம் விடாத பி.ஓ.ஈ. என்ற படலத்தால் ஒட்டிய பேனல்கள் வருகின்றன. கடலுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் உங்களுக்கு நான் அந்த வகையையே சொல்வேன். மாற்றம் சிலிக்கனில் அல்ல, ஒட்டுப் படலத்தில் நடந்திருக்கிறது. நாளிதழில் அது செய்தியாக வராது, ஆனால் உங்கள் பேனலின் ஆயுளைத் தீர்மானிப்பவற்றுள் அதுவும் ஒன்று.

மும்பை ஐஐடியின் தேசிய ஒளிமின்னழுத்த ஆய்வு மையமும் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் பேனல்களை நேரில் சென்று ஆய்ந்திருக்கின்றன. வெப்பமான பகுதிகளில் உள்ளவை விரைவாகத் தேய்கின்றன, தரையில் உள்ளவற்றைவிடக் கூரைமேல் உள்ளவை மோசமாக இருக்கின்றன, பெரிய நிலையங்களைவிடச் சிறிய அமைப்புகள் மோசமாக இருக்கின்றன என்பவை அந்த ஆய்வுகளின் முக்கியமான முடிவுகள். நீங்கள் வைக்கப்போவது வெப்பமான ஊரில், கூரைமேல், சிறிய அமைப்பு. இதற்குப் பொருளின் குறை மட்டும் காரணமல்ல. தளத்துக்கும் பேனலுக்கும் நடுவே காற்றோடப் போதிய இடைவெளி விடாமல் பொருத்துவதும், மாடிப்படியில் தூக்கி வரும்போது தட்டுவதும், துடைப்பதற்காகப் பேனல்மேல் ஏறி மிதிப்பதும் மின்கலத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை உண்டாக்குகின்றன. இன்றைய மின்கலம் 0.15 மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள ஒரு படிகத் தகடு என்பதைப் பொருத்த வருபவர்களிடம் நீங்களே நினைவுபடுத்தலாம்.

இனி பெரோவ்ஸ்கைட். 1839-இல் குஸ்தாவ் ரோசு ரஷ்யாவின் யூரல் மலையில் கிடைத்த கால்சியம் டைட்டனேட் கனிமத்துக்கு, பெரோவ்ஸ்கி என்ற ரஷ்யக் கனிமவியலாளரின் பெயரை வைத்தார். இன்று பேசப்படும் பெரோவ்ஸ்கைட் அந்தக் கனிமம் அல்ல. அதே படிக அமைப்பைக் கொண்ட, ஈயமும் அயோடினும் ஒரு கரிம அயனியும் சேர்ந்த செயற்கைப் பொருள். 2009-இல் ஜப்பானில் மியாசாகாவின் குழு இதை மின்கலத்தில் வைத்தபோது கிடைத்தது 3.8 சதவீதம். அதுவும் அயனிகளைக் கடத்தும் திரவ மின்பகுளியில் கரைந்து சில நிமிடங்களில் அழிந்துகொண்டிருந்தது. 2012-இல் திரவத்தை நீக்கித் திடப்பொருளால் செய்த மின்கலங்கள் வந்தபின் ஏற்றம் தொடங்கியது. இன்று தனிப் பெரோவ்ஸ்கைட் மின்கலம் 26 சதவீதத்தைக் கடந்துவிட்டது. சிலிக்கன் எழுபது ஆண்டுகளில் நடந்த தூரத்தை இது பதினைந்தே ஆண்டுகளில் கடந்திருக்கிறது. நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் வேறெந்தக் குறைக்கடத்தியும் இப்படி வளர்ந்து நான் பார்த்ததில்லை.

இதன் உண்மையான அழகு, ஆற்றல் இடைவெளியை நாம் விரும்பியபடி அமைக்க முடிவதில் இருக்கிறது. அயோடினில் ஒரு பங்கை எடுத்துவிட்டு புரோமினைச் சேர்த்தால் இடைவெளி அகலும். சுமார் 1.68 எலெக்ட்ரான் வோல்ட் அளவில் அமைத்துச் சிலிக்கனின் மேல் ஒரு படலமாகப் பூசினால், ஆற்றல் மிகுந்த, கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பெரும்பகுதியை மேலடுக்கு எடுத்துக்கொள்ளும். எஞ்சிய அகச்சிவப்பு ஒளி கீழேயுள்ள சிலிக்கனுக்குப் போகும். பெரிய நோட்டு வைத்திருப்பவர்களுக்கு வேறொரு பேருந்து விட்டதைப் போல. இந்த இரட்டை அடுக்கு மின்கலத்தில்தான் சீனாவின் லாங்கி நிறுவனம் 2024-இல் 34.6 சதவீதமும், 2025-இல் 34.85 சதவீதமும் எட்டியது. தனிச் சிலிக்கனால் ஒருபோதும் எட்ட முடியாத உயரம் அது. நீங்கள் படித்த செய்தி இதுவாகவே இருக்க வேண்டும்.

ஆனால் விற்பனைக்கு வந்த பேனலைப் பாருங்கள். ஜெர்மனியில் ஆலை வைத்திருக்கும் ஆக்ஸ்போர்டு பி.வி. நிறுவனம் 2024 செப்டம்பரில் முதன்முதலாக வணிக முறையில் அனுப்பிய இரட்டை அடுக்குப் பேனலின் செயல்திறன் 24.5 சதவீதம். கடையில் இன்று கிடைக்கும் நல்ல சிலிக்கன் பேனலோ 22, 23 சதவீதத்தில் இருக்கிறது. ஆய்வகத்தில் ஏழு புள்ளியாக இருக்கும் இடைவெளி கூரைக்கு வரும்போது இரண்டு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. அந்த இரண்டு புள்ளியும் எத்தனை ஆண்டுகள் நிலைக்கும் என்பதே இப்போதைய ஆய்வின் மையக் கேள்வி.

ஏன் நிலைப்பதில்லை என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்குதான் இன்றைய பொருளறிவியலின் மிகச் சுவையான பகுதி இருக்கிறது. சிலிக்கன் படிகத்தில் அணுக்கள் தம் இடத்தில் உறுதியாகப் பிணைந்திருக்கும். பெரோவ்ஸ்கைட்டில் அயோடின் அயனிகள், வெயிலிலும் மின்னழுத்தத்திலும், இடம்விட்டு இடம் நகரும். குறைந்த வெப்பத்தில், கரைசலைப் பூசி, மலிவாகப் படிகத்தை உண்டாக்க முடிகிறது என்பது இதன் பெருமை. எளிதில் உருவாவது எளிதில் சிதையவும் செய்கிறது. தொடக்க கால மின்கலங்களில் இருந்த மெத்தில் அம்மோனியம் அயனி 85 டிகிரி அளவிலேயே ஆவியாகி வெளியேறத் தொடங்கி, கருநிறப் படலத்தை மஞ்சள் நிற ஈய அயோடைடாக்கிவிடும். அதற்குப் பதில் ஃபார்மமிடினியம் வைத்தால் வெப்பத்தைத் தாங்கும். ஆனால் அதன் கருநிற வடிவம் அறை வெப்பநிலையில், குறிப்பாக ஈரம் பட்டால், மின்சாரம் தராத மஞ்சள் வடிவமாக மாறப் பார்க்கும். சீசியத்தைச் சிறிது கலந்து அந்த மாற்றத்தைத் தடுத்தார்கள். புரோமினைக் கூட்டினால் வேறொரு சிக்கல்: ஒளி படும்போது அயோடின் ஒருபுறமும் புரோமின் ஒருபுறமும் தனித்தனித் தீவுகளாகப் பிரிந்துவிடுகின்றன, இருட்டில் மீண்டும் கலந்துவிடுகின்றன. இரட்டை அடுக்குக்குப் புரோமின் கலந்த படலமே வேண்டும் என்பதால் இது ஒதுக்கிவிட முடியாத தொல்லை.

கடந்த சில ஆண்டுகளின் முன்னேற்றங்கள் பெரும்பாலும் படலத்தின் உள்ளே அல்ல, அதன் இரு எல்லைகளில் நடந்தவை. ஒரே ஒரு மூலக்கூறு தடிமனுள்ள படலம் தானாகவே வரிசையாக அடுக்கிக்கொண்டு, அடியிலுள்ள ஒளிபுகும் மின்முனையோடு பெரோவ்ஸ்கைட்டை இணைக்கும் உத்தியை லிதுவேனியாவின் கௌனாஸ் நகர ஆய்வாளர்களும் பெர்லினின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையமும் சேர்ந்து வளர்த்தார்கள். 2020-இல் வெளியான 29.15 சதவீத இரட்டை அடுக்கு மின்கலம் அதன் பயன். மேற்பரப்பில், பெரிய கரிம மூலக்கூறுகளைக் கொண்ட மெல்லிய இரு பரிமாண அடுக்கைப் போர்த்தி ஈரத்தையும் அயனி நகர்வையும் தடுப்பது மற்றொன்று.

இருந்தும் சென்னை மாடியில் மூன்று சோதனைகள் எஞ்சியிருக்கின்றன. 85 டிகிரி வெப்பத்தில், 85 சதவீத ஈரப்பதத்தில், 1000 மணி நேரம் வைக்கும் பன்னாட்டுச் சோதனை முதலாவது. நன்றாக மூடி முத்திரையிட்ட பெரோவ்ஸ்கைட் பேனல்களால் இதைக் கடக்க முடிகிறது, ஆனால் 1000 மணி என்பது 42 நாள்கூட நிறைவடையாத காலம். இரண்டாவது, பகலும் இரவும் மாறி மாறி வருவது. தொடர்ந்து ஒளியில் வைத்துச் சோதித்து நன்றாக இருந்த மின்கலங்கள்கூட, ஒளியும் இருளும் மாறி மாறி வரும்போது விரைவாகத் தேயக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மூன்றாவது நிழல். நம் வீடுகளின் மாடியில் தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும் பக்கத்து வீட்டுத் தென்னையும் இல்லாத இடம் அரிது. ஒரு மின்கலத்தில் மட்டும் நிழல் விழுந்தால் மற்ற மின்கலங்கள் அதன்வழியே எதிர்த்திசை மின்னழுத்தத்தைச் செலுத்தும். சிலிக்கன் அதைப் பெருமளவு தாங்கும், பெரோவ்ஸ்கைட் சில வோல்ட்டிலேயே நிரந்தரமாகக் கெட்டுவிடக்கூடும். அடியில் சிலிக்கன் இருக்கும் இரட்டை அடுக்கில் இந்த ஆபத்து குறைகிறது என்பது ஆறுதலான செய்தி.

காத்திருப்பதன் விலையையும் கணக்கிட்டுப் பாருங்கள். சென்னையில் ஒரு கிலோவாட் அமைப்பு ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் அளவு தரும். 3 கிலோவாட் என்றால் 12 யூனிட். இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 8,700 யூனிட். அந்த வெயிலை இழந்துவிட்டு, அதற்குப் பதில் இரண்டு புள்ளி செயல்திறனுக்காக நிற்பது சரியான பேரமாக எனக்குத் தோன்றவில்லை. பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியமும், உள்நாட்டில் செய்த மின்கலத்தைக் கொண்ட பேனலுக்குத்தான் கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் ஊருக்கு அருகிலேயே வேறொரு பொருள் உற்பத்தியாவதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் ஆலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது, ஆண்டுக்கு 3.3 கிகாவாட் திறன். அங்கே செய்யப்படுவது சிலிக்கன் அல்ல, காட்மியம் டெலுரைடு. ஒளியை மிக நன்றாக உறிஞ்சுவதால் சில மைக்ரோமீட்டர் தடிமனே போதும். ஈரமான காற்றுள்ள இடங்களில் ஒளியின் நிறக்கலவை மாறுவது இதற்குச் சாதகமானது. ஆனால் இது பெரிய சூரிய மின் நிலையங்களுக்கான பொருள். டெலுரியம் பூமியில் மிக அரிது என்பதால் இதன் வளர்ச்சிக்கும் ஓர் எல்லை உண்டு.

பேட்டரிக்கு வருகிறேன். மின்வாரியத்தோடு இணைந்த அமைப்புக்குப் பேட்டரி கட்டாயமில்லை. பகலில் மிகுவதை வாரியத்துக்குக் கொடுத்து இரவில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வாரிய மின்சாரம் நின்றால், கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க, அந்த இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் இருந்தன. அத்தகைய நாளில் மாடியில் வெயில் அடித்தாலும் கீழே விசிறி ஓடாது. உங்களிடம் இப்போதுள்ள டியூபுலர் ஈய-அமில பேட்டரி மின்தடைக்கு ஏற்றது, நாள்தோறும் ஏற்றி இறக்குவதற்கு ஏற்றதல்ல. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் தகடுகளில் சல்பேட் படிகங்கள் இறுகிவிடும். நாள்தோறும் சுழற்றுவதற்கு இன்று வாங்கத் தக்கது லித்தியம் இரும்பு பாஸ்பேட், கடைக்காரர்கள் எல்.எஃப்.பி. என்று சொல்வது.

இந்தப் பொருளின் வரலாற்றில் நம் மண்ணுக்கு ஓர் இடம் இருக்கிறது, அதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி. தமிழ்நாட்டின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980-களில் லித்தியம் பேட்டரி ஆய்வின் முன்னோடியான ஜான் குடினஃபுடன் சேர்ந்து ஒரு நுட்பமான உண்மையைக் கண்டார். இரும்பை ஆக்சிஜனோடு மட்டும் சேர்க்காமல் மாலிப்டேட் போன்ற பல அணு அயனியோடு சேர்த்தால் மின்கலத்தின் மின்னழுத்தம் 3.0 வோல்ட்டாகவும், சல்பேட்டோடு சேர்த்தால் 3.6 வோல்ட்டாகவும் உயர்ந்தது. கந்தகம் ஆக்சிஜனின் எலெக்ட்ரான்களைத் தன்பக்கம் வலுவாக இழுப்பதால், இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு தளர்ந்து, மின்னழுத்தம் ஏறுகிறது. அதே கருத்தின் தொடர்ச்சியாக 1997-இல் பதி, நஞ்சுண்டசாமி, குடினஃப் ஆகியோர் இரும்பு பாஸ்பேட்டைக் கொண்டுவந்தார்கள். 2019-இல் விட்டிங்ஹாம், யோஷினோ ஆகியோருடன் குடினஃபுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரையாற்றியவர் மந்திரம்.

பாஸ்பரசும் ஆக்சிஜனும் கொண்ட அந்த வலுவான பிணைப்பே இதன் பாதுகாப்புக்கும் காரணம். நிக்கல், கோபால்ட் கலந்த மின்முனை சூடேறினால் ஆக்சிஜனை வெளிவிட்டு, தன் தீக்குத் தானே காற்று கொடுக்கும். பாஸ்பேட் அப்படி எளிதில் விடாது. எடை சற்றுக் கூடுதல். வீட்டுச் சுவரோரம் நிற்கும் பேட்டரிக்கு எடை ஒரு பொருட்டல்ல. ஆயினும் வெப்பம் இதையும் விடாது. எதிர்மின்முனையின் மேல் மின்பகுளி சிதைந்து உருவாகும் மெல்லிய படலம், லித்தியத்தை மெல்ல மெல்ல விழுங்கிக்கொண்டே வளரும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். ஆகவே பேட்டரியை மாடியில் தகரக் கொட்டகைக்குள் வைக்காதீர்கள்; கீழ்த்தளத்தில், வெயில் படாத, காற்றோட்டமுள்ள சுவரில், வெள்ள நீர் ஏறும் மட்டத்துக்கு மேலே பொருத்தச் சொல்லுங்கள். இன்னொன்று: இதன் மின்னழுத்தம், பாதி நிறைந்திருந்தாலும் முக்கால் நிறைந்திருந்தாலும், ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். எவ்வளவு மிச்சம் என்பதைக் கணிக்கும் கட்டுப்பாட்டுப் பலகை குழம்பாமல் இருக்க, அவ்வப்போது முழுமையாக ஏற்றவிட வேண்டும்.

சோடியம் பேட்டரி மெய்யாகவே வந்துவிட்டது. சீனாவின் சி.ஏ.டி.எல். நிறுவனம் 2021-இல் கிலோவுக்கு 160 வாட்-மணி கொண்ட மின்கலத்தை அறிவித்தது. 2025-இல் அதை 175 ஆக்கியது. சோடியம் பூமியின் மேலோட்டில் 2.6 சதவீதம் இருக்கிறது, கடலில் குறைவே இல்லை. எதிர்மின்முனைக்குச் செம்புத் தகட்டுக்குப் பதில் மலிவான அலுமினியம் போதும். சோடியம் அயனி லித்தியத்தைவிடப் பருமனானது என்பதால் கிராஃபைட் அடுக்குகளுக்குள் நிலையாகத் தங்காது. அதற்கென ஒழுங்கற்ற அடுக்குகளும் நுண்துளைகளும் கொண்ட கடுங்கரி வேண்டும். அதைத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் செய்கிறார்கள். பொள்ளாச்சியில் மலைபோல் குவியும் சிரட்டையைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் வேதியியல் செய்தி அல்ல. நேர்மின்முனைக்கான அடுக்கு ஆக்சைடுகள் ஈரக்காற்றில் பட்டதும் மேற்பரப்பில் காரமாகிக் கெடுகின்றன என்பதால், பாஸ்பேட் வகைப் பொருள்களில் ஆய்வு வளர்கிறது. பெங்களூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம் அதில் குறிப்பிடத்தக்க பணி செய்துவருகிறது. ஆனால் 2022-இல் விண்ணைத் தொட்ட லித்தியத்தின் விலை பின்னர் வெகுவாகச் சரிந்ததால், சோடியத்தின் விலை மேன்மை இப்போதைக்குக் குறைந்துவிட்டது. கடுங்குளிரில் நன்றாக இயங்குவது அதன் பெரிய சிறப்பு. நமக்கு அது பயன்படாது. ஏற்றும்போதும் இறங்கும்போதும் அதன் மின்னழுத்தம் பெரிதும் மாறுவதால், லித்தியத்துக்கென அமைத்த இன்வெர்ட்டர் எல்லாவற்றிலும் அதைப் பொருத்திவிடவும் முடியாது.

திடநிலை பேட்டரியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அது உங்கள் வீட்டுக்கான பொருள் அல்ல. எடையும் இடமும் விலைமதிப்புள்ள வண்டிகளுக்கானது. தீப்பற்றும் திரவத்துக்குப் பதில் லித்தியம் அயனியைக் கடத்தும் பீங்கானை வைப்பது அதன் கருத்து. அவற்றுள் இன்று உலகெங்கும் ஆராயப்படும் கார்னெட் வகைப் பொருளை 2007-இல் அறிவித்தவர்கள் ராமசாமி முருகன், வெங்கட்ராமன் தங்கதுரை, வெர்னர் வெப்னர் ஆகியோர். முருகன் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். கடினமான பீங்கானாக இருந்தும், அதன் நுண்படிக மணிகளின் விளிம்புகள் வழியே லித்தியம் ஊசிபோல் வளர்ந்து குறுக்கு மின்னிணைப்பை உண்டாக்கிவிடுகிறது. அது ஏன் என்பதே இன்றுவரை தொடரும் ஆய்வு.

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அங்கே அமைந்து, 1953-இல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. நீங்கள் நடந்தே போகக்கூடிய தரமணியில், ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில், ஏ.ஆர்.சி.ஐ. என்ற பொருளறிவியல் ஆய்வு நிறுவனத்தின் மையங்கள் லித்தியம் மின்கலப் பொருள்களிலும் எரிபொருள் மின்கலத்திலும் வேலை செய்கின்றன. இத்தகைய இடங்களில் நம் பிள்ளைகள் சேர வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு.

கடைசியாக, நச்சு பற்றிய உங்கள் கவலை. அது நியாயமானது. பெரோவ்ஸ்கைட்டில் ஈயம் இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் படலத்தில் ஒரு கிராமுக்கும் குறைவு. உங்கள் வீட்டு 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பதோ இருபது கிலோவுக்கும் மேல். ஆனால் அளவை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது: பேட்டரியின் ஈயம் தகடாக இருக்கிறது, பெரோவ்ஸ்கைட்டின் ஈயம் நீரில் கரையும் உப்பாக இருக்கிறது. கண்ணாடி உடைந்து மழை பெய்தால் கசியக்கூடும் என்பதால், ஈயத்தைப் பிடித்துவைக்கும் படலங்களைப் பேனலின் இருபுறமும் வைக்கும் ஆய்வு நடக்கிறது. ஈயத்துக்குப் பதில் வெள்ளீயத்தை வைத்துச் செய்பவை எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டுவிடுகின்றன.

நீங்கள் வாங்கும் சிலிக்கன் பேனலின் எடையில் சுமார் 70 சதவீதத்துக்கு மேல் கண்ணாடி, பத்து சதவீத அளவில் அலுமினியச் சட்டம். சிலிக்கனும் வெள்ளியும் மிகச் சிறிய பங்கு. அலுமினியத்தைக் கழற்றுவது எளிது. ஒட்டுப் படலத்திலிருந்து கண்ணாடியையும் மின்கலத்தையும் சேதமில்லாமல் பிரிப்பதுதான் மறுசுழற்சி ஆய்வின் கடினமான பகுதி. அதை எரித்துப் பிரிக்கும் முறையில், பின்புறத் தாளில் ஃபுளூரின் இருந்தால் நச்சுப் புகை எழும். இருபுறமும் கண்ணாடி கொண்ட பேனலில் அந்தத் தாளே இல்லை. 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளில் சூரியப் பேனலும், அதே ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளில் எல்லா வகை பேட்டரிகளும் சேர்க்கப்பட்டுள்ளன. ஆகவே வாங்கும்போதே ரசீதையும், ஒவ்வொரு பேனலின் வரிசை எண்ணையும், மாடியில் அவை இருக்கும் வரிசைப்படி ஒரு தாளில் குறித்து, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். உத்தரவாதம் கேட்கப் போகும்போதும், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து யாரேனும் அவற்றைக் கழற்றும்போதும், அந்தத் தாள் வேண்டியிருக்கும். பழைய ஈய-அமில பேட்டரியைத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், பதிவுபெற்ற விற்பனையாளரிடம் மாற்றாகக் கொடுங்கள். திறந்த வெளியில் உருக்கும்போது எழும் ஈயப்புகை பக்கத்தில் விளையாடும் குழந்தைகளின் இரத்தத்துக்குள்தான் போகிறது.

கடற்கரைக்காக ஒன்று விட்டுப்போயிற்று. உப்புக் காற்று முதலில் தின்பது பேனலை அல்ல, அதைத் தாங்கும் சட்டத்தையும் மறையாணிகளையும் இணைப்பிகளையும்தான். உப்புப் பனிச் சோதனையில் தேறிய பேனலா என்று கேளுங்கள். துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்புச் சட்டமும், 316 தரத் துருப்பிடிக்காத எஃகு மறையாணிகளும், அலுமினியமும் எஃகும் நேரடியாகத் தொடாதபடி நடுவே வளையமும் விலைப்பட்டியலில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். 2016-இல் வார்தா புயல் நகரத்து மரங்களை எப்படிச் சாய்த்தது என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சட்டத்தின் கால்கள் தளத்தின் கான்கிரீட்டில் பதிந்திருக்க வேண்டும், வெறும் கல் பாரத்தில் நிற்கக் கூடாது. இன்வெர்ட்டரை மட்டும் பின்னால் பேட்டரி சேர்க்கக்கூடிய ஹைபிரிட் வகையாக இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரியை அடுத்த ஆண்டு வாங்கினாலும் போதும்.